தளபதியின் மார்பில் ஒட்டிய மண்

வெண்கரை அரண்மனை முற்றத்தில் அன்று எள் போட்டால் கீழே விழாத கூட்டம். ஜப்பானிலிருந்து கப்பலேறி வந்த ஹிரானோ என்ற ஆசான் ஜுஜுத்சு என்ற மற்போர் வித்தை காட்டிக்கொண்டிருந்தார். ஆள் ஒல்லி. எதிரே நின்றவரோ தளபதி மல்லப்பர், வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. தளபதி பாய்ந்தார். ஆசான் லேசாக விலகி, அவர் கையைப் பிடித்து, அவர் போன திசையிலேயே விட்டார். அவ்வளவுதான், தளபதி மல்லாந்து கிடந்தார்.

"எப்படி ஐயா இது?" என்றார் மன்னர் வீரகேசரி.

"தள்ளுகிறவனை எதிர்த்துத் தள்ளக் கூடாது, மன்னா. விட்டுக்கொடுக்க வேண்டும். அவன் வேகமே அவனைச் சாய்த்துவிடும்."

அரசவை விகடகவி சடகோபனுக்கு வாய் சும்மா இருக்குமா? "இதைத்தானே நான் தினமும் சபையில் செய்கிறேன்" என்றான். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

மல்லப்பருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்படியானால் என்னைச் சாய்க்கட்டும். என் முதுகில் ஏற்கெனவே மண் ஒட்டிவிட்டது, இவன் என் மார்பில் ஒட்ட வைக்கட்டும். முடியாவிட்டால் அரண்மனையை விட்டே போகட்டும்."

மன்னருக்கும் வேடிக்கை பார்க்கிற ஆசை. சரி என்று தலையாட்டிவிட்டார். அரண்மனைச் சோற்றை விட்டால் பாவம், சடகோபனுக்கு வேறு போக்கிடம் ஏது? தளபதியின் தோளைப் பார்த்தான். ஆசானைப் பார்த்தான். விட்டுக்கொடு என்றாரே மனிதர்.

"தளபதியார் சொல்வது நியாயம்தான், மன்னா. நான் இப்போதே போய்விடுகிறேன். என் வேலையை அவரிடமே ஒப்படையுங்கள்."

"என்ன வேலை?" என்றார் தளபதி.

"பெரிதாக ஒன்றுமில்லை. தினமும் மாலையில் மன்னர் தாம் எழுதிய பாட்டுகளைத் தாமே பாடுவார். எதிரே உட்கார்ந்து கேட்க வேண்டும். கொட்டாவி விடக் கூடாது. முடிந்ததும், இன்னொன்று பாடுங்கள் என்று கெஞ்ச வேண்டும்."

மன்னர் முகம் மலர்ந்தது. "நல்ல யோசனை. மல்லப்பரே, இன்றே வாருங்கள். என் குதிரையைப் பற்றி ஒரு காவியம் எழுதுகிறேன். இன்னும் வாலுக்கே வரவில்லை."

தளபதிக்கு வியர்த்துக் கொட்டியது. போர்க்களத்தில் புறமுதுகு காட்டாத மனிதர், நெடுஞ்சாண்கிடையாக மன்னர் காலில் விழுந்தார். "மகாராஜா, சடகோபன் இல்லாத சபை ஒரு சபையா? அவனைப் போகவிடாதீர்கள்."

எழுந்தபோது மார்பெல்லாம் மண். ஆசான் சடகோபனைப் பார்த்து இடுப்பை வளைத்து வணங்கினார்.

மன்னர் தாடையைச் சொறிந்தார். "நீ அவரைத் தொடவே இல்லையே சடகோபா. யார் பலத்தில் சாய்த்தாய்?"

"தங்கள் பாட்டின் பலத்தில், மன்னா."

மன்னர் ஒரு கணம் முறைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்து, கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டார். "சாயங்காலம் காவியம் கேட்க மூன்று பேரும் வந்துவிடுங்கள்" என்றார்.

ஆசான் ஹிரானோ அதற்குள் துறைமுகம் போகிற வண்டியில் ஏறியிருந்தார்.