உப்புக் குட்டைக்குக் குடிபோன விரால்

காட்டோடை கடலைத் தொடுவதற்குச் சற்று முன்னால் இரண்டு குட்டைகள் இருந்தன. ஒன்றில் ஓடைத் தண்ணீர். மற்றொன்றில் கடல் தண்ணீர். நடுவே ஒரு மணல் மேடு மட்டுமே.

ஓடைக் குட்டையில் கெண்டைகளும் ஒரு விராலும் வாழ்ந்தன. விரால் பெரிய மீன். அப்போதுதான் அதன் குஞ்சுகள் பொரித்திருந்தன. சிவப்புச் சிவப்பாக, ஒரு கூட்டமாக, எந்நேரமும் அதன் தலைக்கு மேலேயே மொய்த்துக்கொண்டிருந்தன.

ஒருநாள் யானைக் கூட்டம் ஒன்று தண்ணீர் குடிக்க வந்தது. குடித்துவிட்டுப் போகும்போது குட்டையின் கரையை மிதித்து உடைத்துவிட்டது. ஓடைத் தண்ணீர் வந்த வேகத்திலேயே சதுப்புக்குள் வழிந்து போயிற்று. குட்டை நாளுக்கு நாள் சுருங்கியது.

கரையில் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த காட்டுப்பன்றி இதைப் பார்த்தது.

"மேட்டை வெட்டிவிடட்டுமா? உங்கள் தண்ணீர் பக்கத்துக் குட்டைக்குப் போகும். நீங்களும் கூடவே போய்விடலாம். அங்கே நல்ல தண்ணீர் நின்றால் கரையெல்லாம் கோரை முளைக்கும். எனக்கும் கிழங்கு கிடைக்கும்!" என்றது.

"நல்ல யோசனை! இப்போதே வெட்டு!" என்று துள்ளியது விரால்.

"பொறுங்கள் அண்ணே! அந்தக் குட்டையிலும் உயிர்கள் இருக்கின்றன. அவர்களை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?" என்றது ஒரு கெண்டை. சின்ன மீன்தான். ஆனால் எதையும் கேட்டுத் தெரிந்துகொண்டே செய்யும்.

அது மேட்டோரம் போய்க் கூப்பிட்டது. ஒரு கடல் நண்டு மேட்டின் மேல் ஏறி வந்தது.

"நாங்களே போகத்தான் காத்திருக்கிறோம்! கடலுக்குப் போகும் வழி மணலால் தூர்ந்துவிட்டது. புதுத் தண்ணீர் வருவதில்லை. வெயிலில் எங்கள் குட்டை கொதிக்கிறது. பன்றியார் முதலில் அந்த வழியைத் திறந்துவிடட்டும். பௌர்ணமிக்குக் கடல் ஏறும். எங்கள் மீன்களெல்லாம் வெளியே போய்விடும். பிறகு குட்டை உங்களுடையது" என்றது நண்டு.

"அப்புறம் உடனே வந்துவிடலாமா?" என்று கேட்டது கெண்டை.

"கூடாது! பாறையிலும் மணலிலும் உப்பு ஊறிக் கிடக்கிறது. ஓடைத் தண்ணீரை நிரப்பி, கடலுக்குத் திறந்துவிட வேண்டும். மறுபடி நிரப்பி, மறுபடி திறந்துவிட வேண்டும். உப்பு போன பிறகே நீங்கள் வர வேண்டும்."

விராலுக்குப் பொறுக்கவில்லை. "வீட்டை விட மனசில்லாதவன் சொல்லும் சாக்கு இது! பௌர்ணமி வரை என் குஞ்சுகள் சேற்றிலா கிடக்கும்?" என்றது.

அது சொன்னதிலும் நியாயம் இருந்தது. குட்டையில் தண்ணீர் முழங்கால் அளவுகூட இல்லை. கொக்குகள் வேறு வந்து நிற்கத் தொடங்கியிருந்தன.

மறுநாள் கெண்டை மறுகோடியில் இருந்த நேரம் பார்த்து, விரால் பன்றியிடம் போயிற்று.

"நண்டு சம்மதித்துவிட்டது. வெட்டு!" என்றது.

நண்டு பேசியபோது அங்கே இல்லாத பன்றி அதை நம்பிவிட்டது. மூக்கால் மணலைக் கிளறிக் கிளறி வாய்க்கால் வெட்டியது. ஓடைத் தண்ணீர் சலசலவென்று உப்புக் குட்டைக்குள் பாய்ந்தது. விரால் வாய்க்கால் வாயில் நின்று மேல் தண்ணீரைச் சுவைத்துப் பார்த்தது.

"இனிக்கிறது! நண்டு சொன்னதெல்லாம் பொய்! வாருங்கள் பிள்ளைகளே!"

குஞ்சுகள் அப்பனை நம்பிப் பின்னாலேயே போயின.

நல்ல தண்ணீர் மேலேதான் நின்றது. உப்புத் தண்ணீர் கனமானது. அது அசையாமல் அடியில் கிடந்தது. கடல் மீன்கள் எல்லாம் அடியில் ஒடுங்கி, ஒன்றன்மேல் ஒன்று நெருக்கி நின்றன.

மதியத்துக்கு மேல் கடற்காற்று வீசியது. குட்டை கலங்கியது. மேல் தண்ணீரும் அடித் தண்ணீரும் ஒன்றாயின.

விராலின் செவுள் எரிந்தது. தலைக்கு மேலே பார்த்தது. சிவப்புக் கூட்டம் சிதறிக்கொண்டிருந்தது. சில குஞ்சுகள் மல்லாந்து மிதந்தன.

"ஐயோ! யாராவது வாருங்களேன்!"

கூச்சல் கேட்டுக் கெண்டை வாய்க்கால் வாய்க்கு ஓடி வந்தது. நண்டும் மேட்டில் ஏறியது.

"எங்கள் மீன்களுக்கும் மூச்சு முட்டுகிறது! பன்றியாரே, கடல் வழியைத் திறங்கள்! பௌர்ணமிக்குக் காத்திருக்க நேரமில்லை!" என்று கத்தியது நண்டு.

"எனக்கு முன்னாலேயே யாரும் சொல்லவில்லையே!" என்று புலம்பிக்கொண்டே பன்றி ஓடியது.

"அண்ணே! வாய்க்கால் தண்ணீர் விழும் இடத்துக்கு வாருங்கள்! அங்கேதான் நல்ல தண்ணீர்! எதிர்த்து நீந்துங்கள்!" என்று கூப்பிட்டது கெண்டை.

விரால் கண் மங்க, குரல் வந்த பக்கம் நீந்தியது. மிஞ்சிய குஞ்சுகளை முன்னால் தள்ளித் தள்ளி வாய்க்காலில் ஏற்றியது. கடைசியாகத் தானும் வயிற்றால் ஊர்ந்து பழைய குட்டைக்கு வந்து சேர்ந்தது. பாதிக் குஞ்சுகள்கூட வரவில்லை.

பன்றி தூர்ந்த வழியை மூச்சிரைக்கத் தோண்டித் திறந்தது. குட்டைத் தண்ணீர் கடலை நோக்கி ஓடியது. அதோடு கடல் மீன்களும் வெளியேறின. பலவீனமான சில அடியிலேயே கிடந்துவிட்டன. நண்டு அவற்றை ஒருமுறை சுற்றிப் பார்த்தது. பிறகு விரால் இருந்த பக்கம் வந்தது.

"உங்கள் கெண்டை என்னைக் கேட்டிருந்தது. நானும் பதில் சொல்லியிருந்தேன்" என்றது.

விரால் தலை நிமிரவில்லை. "நான்தான் பொய் சொன்னேன்" என்றது.

நண்டு கடலுக்குப் போய்விட்டது.

பிறகு வேலை நிதானமாக நடந்தது. பன்றி குட்டையை வடித்தது, கடல் வழியை அடைத்தது, ஓடைத் தண்ணீரை நிரப்பியது, மறுபடி வடித்தது. அதுவரை மீன்கள் பழைய குட்டையின் சேற்று நீரில் நெருக்கியடித்துக் கிடந்தன. விரால் கொக்குகள் வரும் பக்கம் காவல் நின்றது. "போதுமா?" என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

கடைசியில் உப்புக் குட்டையின் அடி மணலில் ஓடைப் பாசி பச்சையாகப் பிடித்தது. கெண்டை முதலில் போய் அடி வரை முங்கிப் பார்த்தது.

"இப்போது வரலாம்!" என்றது.

கெண்டைகள் எல்லாம் போயின. விரால் தன் மீதிக் குஞ்சுகளோடு கடைசியாகப் போயிற்று.

மேல் தண்ணீரின் இனிப்பை நம்பி அடியில் கிடக்கும் உப்பை மறந்து அவசரப்படுகிறவன், தன்னை நம்பி வந்தவர்களையே முதலில் இழப்பான்.