நெற்றியில் வைத்த கை

ஆடுமாடெல்லாம் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், மலையடிவாரத்தில் ஒச்சம்மாளும் அவள் புருஷன் சிவனாண்டியும் மாட்டுப்பட்டி வைத்திருந்தார்கள். அப்போது மாடு மேய்ப்பதில் பயமே கிடையாது. காளைக்குக் கோபம் வந்தால், "தள்ளிப் போ" என்று சொல்லிவிடும். மனுஷன் தள்ளிப் போவான்.

தாயைப் புலிக்குப் பறிகொடுத்த ஒரு காளைக் கன்றுக்கு ஒச்சம்மாள் மயிலை என்று பேர் வைத்துக் கஞ்சி ஊட்டி வளர்த்தாள். கழுத்துக்குக் கீழே தொங்கும் அலைதாடியை அவள் தடவிக் கொடுத்தால்தான் அது குடிக்கும். சிவனாண்டிக்கு அதோடு வேறு விளையாட்டு. நெற்றியில் கை வைத்துத் தள்ளுவான். கன்று திருப்பி முட்டும். "ஐயோ, வேண்டாம், விட்டுடு சாமி" என்று பொய்யாக அலறி விழுவான். எழுந்து மறுபடியும் தள்ளுவான். கன்றுக்கு ஒரே கும்மாளம்.

"நெற்றியில் கை வைக்காதே," என்றது செவலைப் பசு. "எங்கள் கூட்டத்தில் அது சண்டைக்குக் கூப்பிடுகிற மாதிரி. இன்றைக்குக் கன்று, சரி. நாளைக்கு?"

"பிள்ளை மாதிரி வளர்த்தது, என்னையா குத்தும்?" என்றான் சிவனாண்டி. சொன்னால் கேட்கிற ஆளா அவன்?

மயிலை வளர்ந்து, திமில் அவன் தோளுக்கு வந்துவிட்டது. ஆட்டம் மட்டும் நிற்கவில்லை. பொழுது சாய்ந்தால் ஒச்சம்மாளுக்கு வேலை ஓடாது. மாட்டு மணிச் சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடி, புருஷன் நடந்து வருகிறானா என்று பார்ப்பாள். அப்புறம்தான் அடுப்பைப் பற்ற வைப்பாள்.

ஒரு நாள் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மாடுகள் மிரண்டு சிதறின. சிவனாண்டி குனிந்து பட்டி வாசலின் முள்படலை இழுத்துக்கொண்டிருந்தான். மயிலை எதிரே வந்து நின்றது.

"ஆடலாமா?"

"இப்ப வேண்டாம். மழைக்குள்ளே மாட்டை அடைக்கணும்."

மயிலை சிரித்தது. இவர் எப்போதும் வேண்டாம் என்று சொல்லித்தானே ஆடுவார். கிட்டே வந்தது. தடுக்கிறேன் என்று சிவனாண்டி அதன் நெற்றியில் கையை வைத்தான். பழக்க தோஷம்.

மயிலை முட்டியது.

"விட்டுடு சாமி," என்று அலறினான். இந்தத் தடவை பொய்யில்லை. அது மயிலைக்கு எப்படித் தெரியும்? மறுபடியும் முட்டியது.

ஒச்சம்மாள் ஓடிவந்தாள். கம்பை எடுக்கவில்லை. பக்கவாட்டில் போய் அலைதாடியைத் தடவினாள். மயிலை அடங்கி நின்றது.

"அவரை எழுந்திருக்கச் சொல்லு அம்மா," என்றது. "இப்போது அவர் முறை."

சிவனாண்டி எழுந்திருக்கவில்லை. அவன் தலையை மடியில் போட்டுக்கொண்டு அவள் அழுததைப் பார்த்த பிறகுதான், விளையாட்டு வினையாகிவிட்டது என்று மயிலைக்கு விளங்கியது.

"வாயால் சொன்னதில் எது நிஜம், எது பொய் என்று எனக்குத் தெரியவில்லை அம்மா. இனி நான் எதையும் வாயால் சொல்லமாட்டேன்," என்றது. மற்ற மாடுகளும் அத்தோடு பேச்சை விட்டுவிட்டன.

காளை தலையைத் தாழ்த்தி, உடம்பைப் பக்கவாட்டில் காட்டி, காலால் மண்ணை வாரி இறைக்கிறதே, அது அன்றைக்கு வந்த பழக்கம். தள்ளிப் போ என்கிறது. பட்டிக்காரர்கள் கன்றின் நெற்றியைத் தொடாமல் அலைதாடியைத் தடவுவதும் அதனால்தான். இன்னொன்றும் உண்டு. ஆளை முட்டித் தள்ளிய காளை சட்டென்று போய்விடாது. எழுந்திருக்கிறானா என்று கொஞ்ச நேரம் அங்கேயே நின்று பார்க்கும்.