போடாத கையெழுத்து

"இனிமேல் எழுதாதே என்று ஒரு வார்த்தை சொல்லிடுங்க, சுவாமி."

மரகதவல்லி தலை நிமிராமல் கேட்டாள். பள்ளிப் பிள்ளைகள் கைமாற்றிக் கைமாற்றிப் படிக்கிற நாவல்களை எழுதுகிறவள் அவள்.

குரு அவளைவிட வயதில் இளையவர். மடத்துச் சமையலறையில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். அவள் மடியிலும் ஒரு கை அள்ளிப் போட்டார்.

"என்ன நடந்தது?"

"மதுரைப் புத்தகக் கண்காட்சிக்கு ஒரு பெண் வந்தாள். என் கதையைப் படித்துவிட்டுத்தான் வீட்டை விட்டு ரயிலேறி ஓடினாளாம். கதையில் வரும் இளவேனி மாதிரியே."

"அப்புறம்?"

"'இளவேனி போன ஊர்ல நல்லவங்க இருந்தாங்க மேடம்' என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். இப்போது கண்காட்சி மைதானத்துக்குப் பின்னால் ஒரு மெஸ்ஸில் பாத்திரம் கழுவுகிறாளாம். கையெல்லாம் வெந்திருந்தது. அந்தக் கையால் புத்தகத்தை நீட்டிக் கையெழுத்து கேட்டாள்."

"போட்டீர்களா?"

மரகதவல்லி மடியிலிருந்த ஒரு மொச்சையை எடுத்து உருட்டினாள்.

"தலைவலி என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவள் போகிறவரை வெளியே வரவில்லை."

குரு இன்னொரு காயை உரித்தார்.

"ரயிலில் அவள் என்ன சாப்பிட்டாள்?"

"புளிசாதம். பக்கத்து சீட்டு அம்மா கொடுத்தது."

"பயந்தாளா?"

"ரொம்ப. பயம் வந்தால் தலைமுடி நுனியைக் கடிப்பாள். மூன்றாம் வகுப்பிலிருந்தே அந்தப் பழக்கம்."

"அவள் பேர்?"

"இளவேனி. சொன்னேனே."

"நான் மெஸ்ஸில் வேலை செய்கிற பெண்ணைக் கேட்டேன்."

அந்தப் பெண்ணின் பேரை மரகதவல்லி கேட்கவே இல்லை. கையெழுத்துப் போட உட்கார்ந்தால் முதலில் பேரைத்தான் கேட்பாள். ஊர் ஊராக எத்தனையோ பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறாள்.

முகம் தீயாய் எரிந்தது. முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"நான் பாவி, சுவாமி. என்னை மாதிரி ஒருத்தி..."

"மறுபடியும் உங்களைப் பற்றியே சொல்கிறீர்கள், அம்மா" என்றார் குரு.

அவள் அழுகை பாதியில் நின்றது.

குரு எட்டி, அவள் மடியிலிருந்த மொச்சையைத் தன் முறத்தில் அள்ளிக்கொண்டார்.

"மதுரை பஸ் இப்போது வந்துவிடும்."