மழையை உட்கார வைத்த பள்ளம்

ஒரு காட்டில், மேட்டுச் சரிவின் நடுவே முயல் ஒன்று வளை தோண்டிக் குடியிருந்தது. வயிற்றில் குட்டிகள். போன வருடம் மேட்டிலிருந்து பாய்ந்த வெள்ளம் நேரே வளைக்குள் புகுந்ததை நினைத்தாலே அதற்குப் பகீரென்றது. ஐப்பசி மழைக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது.

“கவலையை விடு, தங்கச்சி! வாய்க்கால் வெட்டித் தண்ணீரைக் கீழே விரட்டிவிடுகிறேன்” என்றது காட்டுப்பன்றி.

“கீழே என் வீடு இருக்கிறது, அண்ணே!” என்று பதறியது கீரி.

தவளை சிரித்தது. “வீடு தேடி வந்தவரை யாராவது விரட்டுவார்களா? உட்கார வைத்துத்தானே அனுப்புவோம்! வளைக்கு மேலே ஆழமில்லாத பள்ளம் எடுப்போம். கரையில் கோரையும் வெட்டிவேரும் நடுவோம். ஓடிவரும் மழை அங்கே உட்காரும். இரண்டு நாளில் மண் குடித்துவிடும்.”

பன்றி பள்ளம் பறித்தது. கீரி கல் சுமந்தது. முயல் மூச்சு வாங்க வாங்கக் கோரை நட்டது. மாதக் கடைசியில் கரை பச்சைப் பசேலென்று ஆனது. முயலும் நான்கு குட்டிகளை ஈன்றது.

மழைக்கு முதல் நாள் பன்றி அந்தப் பக்கம் வந்தது. கோரைக்கிழங்கின் வாசனை மூக்கைத் துளைத்தது. பிள்ளைகளே, அதன் மூக்கு சொன்னதை அது என்றைக்கு மீறியது? ‘ஒன்றே ஒன்று’ என்று கிளறியது. ஒன்று நான்காகி, நான்கு நாற்பதாகி, ஒரு பக்கக் கரையே பொலபொலத்துவிட்டது.

மறுநாள் மழை கொட்டியது. பள்ளம் நிரம்பியது. கிளறிய இடத்தில் கரை உடைந்தது!

“ஐயோ, என் குட்டிகள்! இன்னும் கண்கூடத் திறக்கவில்லையே!” என்று அலறியது முயல்.

பன்றி ஓடிவந்து உடைப்பின் குறுக்கே படுத்துக்கொண்டது. வெள்ளம் முதுகில் மோதியது. குளிரில் உடம்பு வெடவெடத்தது. மழை விடும்வரை அது எழுந்திருக்கவே இல்லை.

“கிழங்கைத் தின்றது நான்தான்” என்றது தலையைத் தொங்கப்போட்டபடி.

அன்றே எல்லா விலங்குகளும் சேர்ந்து கரையைக் கட்டிக் கோரையை மறுபடி நட்டன. பன்றியே மண்ணை மிதித்து இறுக்கியது. அடுத்த மழை பள்ளத்தில் வந்து உட்கார்ந்து, மெல்ல மண்ணுக்குள் இறங்கியது. தட்டான்களும் தேனீக்களும் வந்தன. கோடையிலும் கீரியின் வாசலில் ஊற்று கசிந்தது.

முயல் தன் குட்டிகளைப் பன்றியிடம் அழைத்து வந்தது. “இவர்தான் உங்கள் மாமா. இவரால்தான் நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள். கும்பிடுங்கள்!”

“என்னையா? கரையைக் கெடுத்ததே நான்தானே!” என்று கூசியது பன்றி.

“கெடுத்ததை மறந்துவிட்டேன், அண்ணே. குறுக்கே படுத்ததை மட்டும் சாகும்வரை மறக்க மாட்டேன்” என்றது முயல்.

நீதி: ஊர் சேர்ந்து உண்டாக்கியதை ஒருவர் தன் ஆசைக்காகக் கெடுக்கக் கூடாது; கெடுத்தவரே முன்னின்று காத்தால் ஊர் அவரையும் வாழ்த்தும்.