டமால் மாமாவுக்கு ஒரு சட்டை

மந்தியூர்க்காரர்களுக்கு மூளை இல்லை என்பது பக்கத்து ஊர்க்காரர்களின் பொறாமைப் பேச்சு. இருக்கத்தான் செய்கிறது, தேய்ந்துவிடக் கூடாதே என்று வெளியே எடுப்பதில்லை, அவ்வளவுதான்.

அந்த ஊர் டெய்லர் சுடலைமுத்து. அவன் தைத்த சட்டை இன்றுவரை ஒருத்தருக்கும் சேர்ந்ததில்லை. கழுத்து சரியாக இருந்தால் கை நுழையாது. கை நுழைந்தால் ஆள் நுழைய முடியாது. அவன் மனைவி பேச்சியம்மாளும் எத்தனை நாள்தான் பொறுப்பாள்?

"இன்னும் ஒரு சட்டை சேராமப் போகட்டும், மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டு பேரீச்சம்பழம் வாங்கிருவேன்" என்று சொல்லிவிட்டாள். மெஷின் போனால் சுடலைமுத்துவுக்கு உயிரே போன மாதிரி.

அந்த நேரத்தில்தான் டவுன் கலையரங்கத்துக்கு டமால் மாமா வரப்போகிறார் என்று தெரிந்தது. 'ஏன்? எதற்கு? டமால்!' என்று டிவியில் வாராவாரம் எதையாவது வெடிக்க வைத்து விஞ்ஞானம் சொல்வாரே, அவரேதான். இந்த முறை மேடையிலேயே செய்து காட்டப்போகிறாராம்.

"மாமாவுக்கு ஒரு சட்டை தைச்சுக் கொடுத்து, ஊரறியப் பேர் வாங்கிருதேன்" என்றான் சுடலைமுத்து.

"அளவுக்கு என்னவே செய்வீரு?" என்றான் கூட்டாளி பலவேசம்.

"வாராவாரம் வீட்டுக்கே வாராருல்லா?"

அடுத்த வாரம் மாமா டிவியில் தோன்றியதும், டிவிக் கண்ணாடி மேல் டேப்பை வைத்து சுடலைமுத்து அளவெடுத்தான். பலவேசம் இரண்டு தடவை சரிபார்த்தான். சட்டை கட்டைவிரல் உயரத்துக்கு வந்தது. பை, பட்டன், காலர் எதிலும் குறை வைக்கவில்லை.

நிகழ்ச்சி அன்று கடைசி வரிசையில் இடம் கிடைத்தது. "நிகழ்ச்சி முடியும்வரை யாரும் நாற்காலியை விட்டு எழக் கூடாது" என்று மைக்கில் சொன்னார்கள். இருவரும் நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

புகைக்குள்ளிருந்து டமால் மாமா வந்தார். சுடலைமுத்து கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, டேப்பைப் பிடித்துப் பார்த்தான். தோளிலிருந்து இடுப்புவரை அதே கட்டைவிரல் உயரம்! அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஆளு இளைக்கவும் இல்ல, பெருக்கவும் இல்லவே!"

மாமா ஒரு பலூனை டமால் என்று வெடிக்க வைத்துவிட்டு, "யாராவது மேடைக்கு வாங்க!" என்றார். இருவரும் கிளம்பினார்கள். எழக் கூடாதே? அதனால் நாற்காலியைப் பின்பக்கத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, குனிந்தபடி நடந்தார்கள். பாதி வழியில் சுடலைமுத்து மறுபடி டேப்பைப் பிடித்தான். முகம் வெளுத்துவிட்டது.

"மோசம் போயிட்டோம். மாமா வளருதாரு!"

அங்கேயே நாற்காலியை இறக்கி உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

"பின்னால போய்ப் பாப்போம்" என்றான் பலவேசம். போனார்கள்; மாமா சுருங்கினார். முன்னால் வந்தார்கள், வளர்ந்தார்.

"தெரிஞ்சு போச்சு" என்றான் பலவேசம். "நம்மளக் கண்ட சந்தோசத்துல பூரிக்காரு."

ஒருவழியாக மேடை ஏறியபோது மாமா ஆறடிக்கு நின்றார். சட்டையை வாங்கிப் பார்த்தார். "அண்ணாச்சி, இது என் விரலுக்குத்தான் சேரும்!" என்றார். அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. பேரீச்சம்பழ வண்டிக்காரன் மணி அடிப்பது சுடலைமுத்துவின் காதில் கேட்டது. விடுவானா?

"அளவுல தப்பில்ல சார். நீங்க நிக்கிற இடந்தான் தப்பு. கொஞ்சம் தள்ளிப் போங்க."

மாமாவும் நல்ல மனிதர். மேடையிலிருந்து இறங்கிப் பின்பக்கமாகவே நடந்தார். சுடலைமுத்து ஒரு கண்ணை மூடி, சட்டையைத் திரும்ப வாங்கி நீட்டிப் பிடித்தபடி, "இன்னும்... இன்னும்..." என்றான். மாமா வாசல் கதவில் போய் முட்டினார்.

"சேந்துட்டு!" என்று கத்தினான். கூட்டம் கைதட்டி ஆர்ப்பரித்தது. வாழ்க்கையில் முதல் முறையாக அவன் தைத்த சட்டை ஒருத்தருக்குச் சேர்ந்துவிட்டது!

கொண்டுபோய்க் கொடுத்தால் மாமா வளர்ந்துவிடுவார் என்பதால் சட்டையை ஊருக்கே எடுத்து வந்தார்கள்.

பேச்சியம்மாள் முழுக்கதையும் கேட்டாள். கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். சுடலைமுத்து ஓடிப்போய் மெஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"அடப் பாவி மனுசா! கல்யாணத்துக்கு நீங்க தைச்ச ரவிக்கை கையே நுழையலன்னு இத்தனை வருசம் திட்டித் தீத்தேனே. கிட்டக்க நின்னது என் தப்புல்லா! இதை முன்னாலயே சொல்றதுக்கு என்ன?"

பெட்டியைத் திறந்து ரவிக்கையை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டு, விறுவிறுவென்று தெருவில் இறங்கி நடந்தாள். குளத்துக்கரை போய்ச் சேர்ந்ததும் திரும்பி நின்று, "ஏங்க, இப்ப சேருதா?" என்று கூவினாள்.

சுடலைமுத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிதானமாகப் பார்த்தான்.

"தொளதொளன்னு கிடக்கு பேச்சி! ரெண்டு எட்டு கிட்ட வா, பிடிச்சுருவோம்!"