கோடு மறைந்த பல்லி

பல்லிக்கும் பாம்புக்கும் பெயர் வைப்பதையே வேலையாகக் கொண்டவர்கள் உலகத்தில் கொஞ்சம் பேர் உண்டு. கடல் கடந்து, ஒரு பாலைவனத்தை ஒட்டிய ஊரின் அருங்காட்சியகத்தில் அப்படி இரண்டு தமிழர்கள் இருந்தார்கள். பாளையங்கோட்டை செசிலி ஆசிரியர். இளம்பரிதி அவருடைய சீடர். சீடர் என்றால் பையன் இல்லை, அவருக்கும் காதோரம் நரைத்துவிட்டது.

ஒருமுறை இளம்பரிதி பாலைவனத்திலிருந்து சாட்டைவால் பல்லிகள் சிலவற்றைப் பிடித்து வந்தார். விரல் நீளம், முதுகில் பளிச்சென்று மஞ்சள் கோடுகள், நீல வால். யாரும் அறியாத புது இனம் என்று எழுதினார். காய்ச்சலில் ஏழு வயதில் போய்விட்ட தன் மகள் செம்மலரின் பெயரை அதற்கு வைத்தார். ஒரு பல்லியை ஸ்பிரிட் புட்டியில் போட்டு, காலில் பெயர்ச்சீட்டைக் கட்டி, அலமாரியில் வைத்தார்கள். அந்தப் பெயருக்கு அதுதான் சாட்சி. மகள் பெயரை இனி யாராலும் அழிக்க முடியாது என்று அன்றைக்குத்தான் மனிதர் நிம்மதியாகத் தூங்கினார்.

ஊருக்குப் போய் அடுத்த கோடையில் திரும்பியவரை செசிலி தன் மேசைக்கு அழைத்தார். அந்தப் பல்லிகளில் உயிரோடு வந்த ஒன்றை அவர் கண்ணாடித் தொட்டியில் வளர்த்திருந்தார்.

இளம்பரிதி குனிந்து பார்த்தார். கோடுகள் உடைந்து புள்ளிகளாகியிருந்தன. வால் மண் நிறமாகியிருந்தது. அந்த வட்டாரத்தில் தடுக்கி விழுந்தால் தென்படும் சாதாரணப் புள்ளிப் பல்லி. அதற்கு எப்போதோ பெயர் வைத்தாயிற்று; முதலில் வைத்த பெயர்தான் நிற்கும்.

எங்கே கோட்டை விட்டோம் என்று அவருக்கு உடனே விளங்கியது. கோடை முடியும்போது பெரிய பல்லிகள் வளைக்குள் உறங்கப் போய்விடும். புதிதாகப் பொரித்த குஞ்சுகள்தான் வெளியே திரியும். அவர் போனது அந்த நேரத்தில். குஞ்சுகளைப் பார்த்துத் தனி இனம் என்று எழுதிவிட்டார்.

"மேடம், இத வேற யாரும் பாத்தாங்களா?"

"இல்லப்பா."

"நீங்களும் பாக்கலன்னு வச்சுக்கலாமா?"

யாரிடமும் எதற்காகவும் கெஞ்சாத மனிதர் அவர்.

செசிலி ஸ்பிரிட் மட்டும் ஊற்றிய ஒரு புட்டியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். தொட்டியின் மூடியைத் திறந்தார்.

"வச்சுக்கலாம். ஆனா அதுக்கு இவ வளந்திருக்கக் கூடாது. நீயே எடுத்து இந்தப் புட்டியில போடு."

இளம்பரிதி கையை உள்ளே விட்டார். பல்லி பயப்படவில்லை. வளர்த்த கை என்று நினைத்ததோ என்னவோ, உள்ளங்கையில் ஏறிப் படுத்துக்கொண்டது. விளக்குச் சூட்டில் கிடந்த உடம்பு கதகதப்பாக இருந்தது. அதன் வயிறு ஏறி இறங்குவது கையில் தெரிந்தது.

அவர் அதை மணலில் இறக்கிவிட்டு மூடியைச் சாத்தினார்.

நேரே அலமாரிக்குப் போய்த் தன் புட்டியை எடுத்தார். பல்லியை வெளியே எடுத்து, மகள் பெயரிருந்த சீட்டை அறுக்கக் கத்தரியைப் பிடித்தார். செசிலி அந்தக் கையைப் பற்றினார்.

"பழைய சீட்ட அறுக்குற வழக்கம் நம்மகிட்ட உண்டாப்பா? அது பாட்டுக்கு இருக்கட்டும். பக்கத்துல புதுசக் கட்டு."

இளம்பரிதி புள்ளிப் பல்லியின் பெயரை ஒரு சீட்டில் எழுதினார். கட்டி முடித்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப செம்மலர்னு ஒரு பல்லியே கிடையாது. இல்லயா மேடம்?"

செசிலி தொட்டியைத் திரும்பிப் பார்த்தார். பல்லி விளக்கடியில் தலையைத் தூக்கி நின்றது.

"இந்தா இருக்காளே," என்றார். "வளந்துட்டா."