மோப்பன் தொடாத கிண்ணம்

ஒரு ஊர்ல ஒரு ஆஸ்பத்திரி, அந்த ஆஸ்பத்திரியில ஒரு கண்ணாடி ரூம். மாசம் முடியறதுக்கு முன்னாடியே அவசரமாப் பொறந்த பாப்பாங்களை அங்கதான் வச்சிருப்பாங்க. மூணு பெட்டி, மூணு பாப்பா. கடைசிப் பெட்டியில பொற்கொடியோட பாப்பா. ரெண்டு உள்ளங்கையில அடங்கிடும், பேருகூட இன்னும் வைக்கல. ம் சொல்லு.

அந்த ரூமுக்குள்ள ஒரு வைரஸ் வந்துடுச்சு. கண்ணுக்குத் தெரியாது, சத்தமும் போடாது. பெரியவங்களுக்கு வந்தா ரெண்டு தும்மலோட போயிடும். அந்தப் பாப்பாங்களுக்கு வந்தா மூச்சே விட முடியாது. அது எங்க ஒட்டிக்கிட்டு இருக்குன்னு கண்டுபிடிக்க ஒரு ரோபோ கொண்டு வந்தாங்க. இடுப்பு உயரம், சக்கரக் காலு, ஒரே ஒரு கை, கை நுனியில பஞ்சு. சர்ர்ர்னு வரும், பஞ்சால ஒரு இடத்தைத் தொடைக்கும், பஞ்சை வயித்துக்குள்ள இழுத்துக்கும், டிக் டிக் டிக்னு கால் மணி நேரம் யோசிக்கும். ஒண்ணுமில்லைன்னா பச்சை விளக்கு. வைரஸ் இருந்தா சிவப்பு விளக்கு, கீ கீ கீ.

ரூமைத் தொடைக்கிற அங்கம்மா அதுக்கு மோப்பன்னு பேர் வச்சா. பொண்ணு பார்க்க வந்த மாமியார் மாதிரி தொட்டுத் தொட்டுப் பார்க்குதுன்னு சிரிச்சா. பொற்கொடிக்குச் சிரிப்பு வரல.

முதல் நாள் மோப்பன் கதவுக் கைப்பிடியைத் தொட்டுச்சு. கீ கீ கீ. அங்கம்மா மருந்து ஊத்தித் தேய் தேய்னு தேய்ச்சா. அப்பவும் சாயங்காலம் முதல் பெட்டிப் பாப்பாவுக்கு மூச்சு இழுத்துச்சு. வேற ரூமுக்குத் தூக்கிட்டு ஓடினாங்க.

ரெண்டாம் நாள் நாற்காலிக் கை. கீ கீ கீ. அதையும் தேய்ச்சா. சாயங்காலம் நடுப் பெட்டியும் காலி.

அப்புறம் மூணாம் நாள். கதவு பச்சை, நாற்காலி பச்சை, குழாய் பச்சை. டாக்டரம்மா நிம்மதியா உட்கார்ந்தாங்க. பொற்கொடி மட்டும் உட்காரல. நேத்தும் தேய்ச்சாங்களே, அப்புறம் எப்படி வந்துச்சு?

வழக்கம்போல வாசல் குழாயில முழங்கை வரைக்கும் சோப்பு போட்டுக் கழுவினா. கழுவிட்டு, கதவோரம் இருந்த பிள்ளையார் படத்தைக் கும்பிட்டு, கீழே பித்தளைக் கிண்ணத்துல விபூதி எடுத்தா. அங்க வர்றவங்க எல்லாரும் அப்படித்தான். கை கழுவுவாங்க, விபூதி எடுப்பாங்க, அப்புறம் பாப்பாகிட்ட போவாங்க.

நெத்திக்குக் கையைத் தூக்கினவ அப்படியே நின்னுட்டா. மோப்பன் சர்ர்ர்னு பிள்ளையார்கிட்ட வந்துச்சு. நடுவுல கிடந்த முக்காலியில முட்டுச்சு. கிண்ணத்தைத் தொடாமலே திரும்பிப் போயிடுச்சு.

"அங்கம்மாக்கா, இந்த முக்காலி யார் வச்சது?"

"நான்தான் தாயி. கண்ட இடத்தைத் தொடுற கை, சாமியைத் தொடலாமா?"

பொற்கொடி காலாலேயே முக்காலியைத் தள்ளினா. மோப்பன் திரும்பி வந்து கிண்ணத்து விளிம்பை ஒரு சுத்து தடவுச்சு. டிக் டிக் டிக்.

கால் மணி நேரம் மோப்பன் கதவை மறிச்சுக்கிட்டே நிக்கும், கழுவப் போகவும் வழியில்லை. விபூதிக் கையை எதுலயும் படாம நீட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னா. அப்போ பார்த்து பாப்பா அழ ஆரம்பிச்சுச்சு. பூனைக்குட்டி மாதிரி, மி... மி... நாலே எட்டுதான். போய்ப் பெட்டி ஓட்டைக்குள்ள கையை விட்டுப் பாதத்தைத் தொட்டா அழுகை நின்னுடும், தினமும் அப்படித்தான் நின்னுச்சு. அவ கால் தானா ஒரு எட்டு வச்சுச்சு. பின்னுக்கு இழுத்துக்கிட்டா. மி... மி... டிக் டிக்... தூங்கிட்டியா? ம்.

கீ கீ கீ.

பிள்ளையார் மேல சிவப்பு, கிண்ணத்து மேல சிவப்பு, அவ விரல் மேலயும் சிவப்பு. அங்கம்மா சுவரோட சாஞ்சு உட்கார்ந்துட்டா.

"தினம் நான்தானே தாயி அதை ரொப்பினேன்."

மோப்பன் நகர்ந்ததும் பொற்கொடி வாசலுக்குப் போய்க் கழுவினா, எங்கயும் நிக்காம நேரா வந்து பாதத்தைத் தொட்டா. அழுகை நின்னுச்சு. பயம் நிக்கல. நேத்தும் முந்தாநேத்தும் அதே விபூதிக் கையால தொட்டிருக்காளே.

ஒரு நாள், பெட்டியில காதை வச்சுக் கேட்டா. ரெண்டு நாள் கேட்டா. மூணாம் நாளும் மூச்சு சீராவே வந்துச்சு, ஸ்ஸ்... ஸ்ஸ்... அதுக்குள்ள மத்த ரெண்டு பாப்பாவும் பெட்டிக்குத் திரும்பி வந்துட்டாங்க.

இப்போ அங்க கிண்ணம் குழாய்க்கு முன்னாடி இருக்கு. சாமி கும்பிட்டுட்டுத்தான் கை கழுவணும். காலையில மோப்பன் வந்ததும் அங்கம்மா ஒதுங்கி வழி விடுவா. "போ, மொதல்ல சாமியைப் பார்த்துட்டு வா"ம்பா.

பாப்பா தூங்கிடுச்சு, மோப்பன் விளக்கும் அணைஞ்சுச்சு, கதைக்கும் கண்ணு சொருகுது. நீயும் தூங்கு.